வலிக்காத கால்

நியாலாஸ், மேட்டு லயம்
10-2-1952

இருசம்மாள் அக்காவுக்கு, தம்பி சாமிக்கண்ணு.

பொங்கலுக்கு நான் வரலைன்னு நீ மலாக்கா முழுக்கக் கேக்கற மாதிரி திட்டினியாம். பஸ் கண்டக்டர் மாயாண்டி வந்து ஒரு வார்த்தை விடாம ஒப்பிச்சான். உன் குரலைக்கூட அப்படியே எடுத்தான்.

வராததுக்குக் காரணம் என் வலது கால். கணுக்காலுக்குக் கீழே வீங்கி, செக்கச்செவேல்னு கிடக்கு. தொட்டா சுடுது. சப்பாத்து நுழைய மாட்டேங்குது. காயம் இல்லை, முள்ளு குத்தலை, காய்ச்சலும் இல்லை. சொன்னா நம்ப மாட்டே, துளி வலி கிடையாது. ஆளுங்களை மேய்க்கற மண்டோர் வேலையில நாள் பூரா ரப்பர் மரத்துக்கு மரம் நடக்கறேன், கால் இருக்கறதே தெரியல.

கிருமி பூந்துடுச்சுன்னு தோட்டத்துக்கு வைத்தியம் பாக்கற டிரெஸ்ஸர் ஐயா சொல்லிட்டார். தோட்டத்து ஆஸ்பத்திரியில படுக்க வச்சு பெனிசிலின் ஊசி போட்டார். ஒரு வாரத்துல வீக்கம் வத்திடுச்சு. வேலைக்குப் போனேன், திரும்ப வந்துடுச்சு. மறுபடி படுக்கை, மறுபடி ஊசி, மறுபடி வத்திடுச்சு. இப்ப மூணாவது தடவையா வீங்கியிருக்கு. இந்தத் தோட்டத்துலயே அதிக ஊசி வாங்கின பின்பக்கம் என்னோடதுதான்னு லயத்து வீடுகள்ல பேசிக்கறாங்க.

வலி ஏன் இல்லைன்னு எனக்குத் தெரியும். வருஷா வருஷம் பூங்கரகம் தூக்கி முதல் ஆளா தீயில இறங்கறவன் நான். மாரியம்மா என் பாதத்தைத் தொட்டு வச்சிருக்கா. போன வருஷம் நெருப்புக்கு நடுவுல நின்னு திரும்பிப் பாத்து சிரிச்சேனே, மறந்துட்டியா?

தாகம்தான் ஓயல. உனக்குத் தெரியுமே, இப்ப கடையில பால் டின்னு வாங்கினா அங்கேயே ரெண்டு ஓட்டை போட்டுத்தான் குடுக்கறான், காட்டுல ஒளிஞ்சிருக்கற கம்யூனிஸ்டுகளுக்குப் போயிடக் கூடாதுன்னு. ஓட்டை போட்ட டின்னை வச்சிருந்தா கெட்டுப் போகும், எறும்பு மொய்க்கும். வீணாக்க மனசு வரல. வாங்கின அன்னிக்கே கோப்பியில ஊத்தி நானே குடிச்சு முடிச்சுடறேன். குஞ்சம்மா முறைக்கறா. முறைக்கறதுக்குத்தானே பொண்டாட்டி.

மச்சானைக் கேட்டதாச் சொல்லு.

சாமிக்கண்ணு


மலாக்கா, புங்கா ராயா
17-2-1952

அடேய் சாமிக்கண்ணு,

கால் வீங்கினவன் முதல் வரியில காலைப் பத்தி எழுதுவான். நீ மாயாண்டி என் குரலை எடுத்ததை எழுதறே. உன்னைப் பெத்தவங்களைச் சொல்லணும். அதுல எனக்கும் பங்கு வருமேன்னு விட்டுட்டேன்.

ஊசி போட்டும் திரும்பத் திரும்ப வருதுன்னா ஊசியிலதான் கோளாறு. தோட்டத்து மருந்துல பாதி தண்ணியாத்தான் இருக்கும். இங்க எங்க தெருவுல ஒரு மருந்துக்காரர் இருக்கார். போன மாசம் எனக்குச் சளி பிடிச்சப்ப ஒரு பெனிசிலின் குத்தினார் பாரு, மூணே நாள்ல சரியாயிடுச்சு. சளி மூணு நாள்ல தானாவே போகும்னு உன் மச்சான் சொல்றார். அவர் கடையில பருப்பு நிறுக்கற ஆளு, அவருக்கென்ன வைத்தியம் தெரியும்.

நல்ல மருந்தா மூணு பாட்டில் வாங்கி, எலுமிச்சை ஊறுகா ஜாடிக்குள்ள மெழுகுத்துணி சுத்தி வச்சு, மாயாண்டிகிட்ட குடுத்து அனுப்பறேன். தோட்டத்துக் கேட்டுக்கு வெளியில பஸ் நிக்கற இடத்துல போய் வாங்கிக்கோ. டிரெஸ்ஸர்கிட்ட குடுத்து இதைப் போடச் சொல்லு. அவருக்குக் கோவம் வந்தா வரட்டும்.

அம்மா தொட்ட காலுன்னு பெருமையடிச்சுக்கிட்டு நடந்துகிட்டே இருக்காதே. நான் அவளைக் கும்பிடாதவ இல்லை. தொட்டவ வீங்க வைக்க மாட்டா.

கூடவே கொஞ்சம் அதிரசம் வச்சிருக்கேன். நான் சாப்பிட்டது போக மிச்சம். எனக்கும் இந்தப் பாழாய்ப்போன நாக்கு அடங்க மாட்டேங்குது.

இருசம்மாள்


நியாலாஸ்
6-4-1952

அக்காவுக்கு,

இதுதான் நான் உனக்குப் போடற கடைசிக் கடுதாசி. ஏன்னு தெரிஞ்சுக்கத்தான் எழுதறேன்.

உன் ஊறுகா ஜாடியைத் தூக்கிக்கிட்டு கேட்டுக்குள்ள நுழைஞ்சேன். முள்ளுக்கம்பி வேலி போட்டதுலேர்ந்து அங்க எல்லாத்தையும் சோதிக்கறாங்கன்னு உனக்குத் தெரியாதா? அரிசி, மருந்து எது போனாலும் காட்டுக்குப் போகுதுன்னுதான் முதல்ல நினைப்பாங்க. ஸ்பெஷல் கான்ஸ்டேபிள் ஊறுகாயில கைய விட்டான். பெனிசிலின் வந்துச்சு. எலுமிச்சையோட ஊற வச்சிருக்கறதைப் பாத்ததும் அவனுக்குச் சந்தேகமே போயிடுச்சு. காட்டுல அடிபட்டுக் கிடக்கறவனுக்குத்தான் கொண்டு போறேன்னு முடிவு பண்ணிட்டான்.

ஜாசின் போலீஸ் ஸ்டேஷன்ல சாயந்திரம் வரைக்கும் உக்கார வச்சாங்க. என் காலுக்குத்தான்னு சொன்னேன். காலைக் காட்டுன்னாங்க. அத்தனை பேர் முன்னாடி கால்ல சுத்தியிருந்த துணியை அவுத்து, காலை மேசை மேல தூக்கி வச்சேன். ஆபீசரு, டைப் அடிக்கறவரு, டீ கொண்டு வந்தவன் எல்லாரும் சுத்தி நின்னு பாத்தாங்க. தோட்டத்துத் தொரை வந்து கையெழுத்துப் போட்டப்புறம்தான் விட்டாங்க. அதிரசத்தை அந்தக் கான்ஸ்டேபிளே தின்னுட்டான்.

பிள்ளையார் பிடிக்கப் போய்க் குரங்கான கதையாச்சு உன் வைத்தியம். நேத்து வரைக்கும் நான் தீமிதி சாமிக்கண்ணு. இன்னிக்கு ஊறுகா சாமிக்கண்ணு.

கால் சேதியும் சொல்லிடறேன். பாதத்துக்கு நடுவுல இருக்கற வளைவு இறங்கிடுச்சு. கீழே வச்சா படகு மாதிரி தரையில உக்காருது. டிரெஸ்ஸர் ஊசியை ரெட்டிப்பாக்கி வேற மருந்தும் சேத்துப் போட்டார். உடம்பெல்லாம் தடிப்பு வந்து சொறிஞ்சதுதான் மிச்சம். எலும்பு அழுகுது, மலாக்கா பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பறேன், முழங்காலுக்குக் கீழே எடுக்க வேண்டியிருக்கும்னு சொல்றார்.

நான் போகல. சித்திரைத் திருவிழாவுக்கு எனக்குச் சீக்கிரமே காப்புக் கட்டச் சொல்லிப் பூசாரிகிட்ட கேட்டிருக்கேன். மஞ்சக்கயிறு கையில ஏறிட்டா திருவிழா முடியற வரைக்கும் தோட்டத்து எல்லையைத் தாண்டக் கூடாது. அப்புறம் எந்த டாக்டர் வந்து என்ன பண்ணுவான்?

சாமிக்கண்ணு


மலாக்கா
20-4-1952

தம்பி சாமிக்கண்ணுக்கு,

கடைசிக் கடுதாசின்னு எழுதிட்டா நான் விட்டுடுவேனா? குஞ்சம்மா எல்லாத்தையும் மாயாண்டிகிட்ட சொல்லி அனுப்பிட்டா. காப்புக் கட்டிக்கிட்டியாம். பள்ளிக்கூடத்துக்குப் போகாம இருக்க வயித்துவலின்னு சொன்ன அதே ஆளுதானே நீ.

ஊறுகா விஷயத்துல நான் செஞ்சது தப்புத்தான். உன்னை ஸ்டேஷன்ல உக்கார வச்சாங்கன்னு படிச்சு ரெண்டு நாள் சோறு இறங்கல. இதுக்கு மேல என்னைக் கெஞ்ச வைக்காதே.

காலை எடுக்கணும்ங்கற வரியைப் படிச்சதும் நான் நேரா பெரிய ஆஸ்பத்திரிக்குப் போயிட்டேன். அங்க யாழ்ப்பாணத்து லேடி டாக்டர் ஒருத்தங்க இருக்காங்க. உன் கடுதாசி ரெண்டையும் அப்படியே வாசிச்சுக் காட்டினேன். பால் டின் வரைக்கும் வாசிச்சேன். சிரிப்பாங்கன்னு பாத்தா பேனாவைக் கீழே வச்சுட்டாங்க. காயம் இருந்துச்சா, காய்ச்சல் இருந்துச்சான்னு கேட்டாங்க. இல்லைன்னேன். ராத்திரி எத்தனை தடவை எழுந்து வெளியே போவார்னு கேட்டாங்க. அவன் போற இடத்துல எறும்பு மொய்க்குதுன்னு குஞ்சம்மா சொன்னதைச் சொன்னேன்.

மலாய்ல கெஞ்சிங் மானிஸ். இனிப்பு நீர், சர்க்கரை வியாதிங்கறாங்களே, அதுதானாம். அது இருக்கறவங்களுக்குக் காலு மரத்துப் போகுமாம். உள்ளே எலும்பு நொறுங்கினாலும் தெரியாம நடப்பாங்களாம். நடக்க நடக்க வீங்குமாம், படுத்தா வத்துமாம். “உங்கட தம்பிக்கு வீக்கம் வத்தினது ஊசியால இல்லை, அவரைப் படுக்க வச்சதால” அப்படின்னாங்க. நேர்ல பாக்காம உறுதியாச் சொல்ல மாட்டாங்களாம். ஆனா யாரும் வெட்டறதுக்கு முன்னாடி, இன்னொரு ஊசி போடறதுக்கு முன்னாடி கூட்டிட்டு வாங்கன்னாங்க.

உனக்கு இது கசக்கும்னு தெரியும். வலி இல்லாததுதான் உன் நோய். அம்மா மேல பழி போடாதே.

காப்புக் கட்டினவன் எல்லை தாண்டக் கூடாதுதான். ஆனா கட்ட வச்ச அம்மாவையே கேட்டுப் பாக்கலாமில்ல? பூக் கட்டிப் போட்டுப் பாரு. வெள்ளைப் பூ வந்தா வா. சிவப்பு வந்தா நான் வாயே திறக்கல.

எனக்கு இருக்கறது ஒரே தம்பி. அவன் ரெண்டு காலோட இருக்கணும்.

இருசம்மாள்


நியாலாஸ்
27-4-1952

அக்காவுக்கு,

உன் கடுதாசியைப் படிச்சுக் கோவத்துல கிழிச்சேன். அப்புறம் ஒட்ட வச்சுப் படிச்சேன். பத்து வருஷமா நான் தீயை ஜெயிச்சேன்னு ஊரே கையெடுத்துக் கும்பிட்டது. நீ வந்து அதை மூத்திரத்துல எறும்பு மொய்க்கற சங்கதியா ஆக்கிட்டே.

வர மாட்டேன்னுதான் இருந்தேன். வியாழக்கிழமை ஒண்ணு நடந்துச்சு. பக்கத்து லயம் வேலாயியோட பிள்ளைக்கு நெஞ்சுச்சளி கட்டி மூச்சு இழுக்குது. காய்ச்சல் அனலா அடிக்குது. டிரெஸ்ஸர் அலமாரியைத் திறந்தா பெனிசிலின் இல்லை. இப்பல்லாம் தோட்டத்துக்கு அளந்துதான் குடுக்கறாங்க. கடைசி பாட்டில் அன்னிக்குக் காலையிலதான் எனக்குப் போட்டது. ஊரடங்கு வேற, லாரி கிளம்ப போலீஸ் துணை வரணும். ஜாசின்லேர்ந்து மருந்து வர விடிஞ்சிடுச்சு. பிள்ளை பிழைச்சுக்கிட்டான், அம்மா புண்ணியம். வேலாயி என்னை ஒரு வார்த்தை சொல்லலை. சொல்லியிருந்தா தேவலைன்னு இருந்துச்சு. எனக்கு வெக்கமா இருந்துச்சுக்கா. உன் டாக்டர் சொல்றது நிஜம்னா அந்த ஊசியெல்லாம் என் உடம்புல சும்மா போனதுதானே.

அதான் பூப் போட்டுப் பாத்தேன். குஞ்சம்மா ரெண்டு பொட்டலம் கட்டி அம்மா காலடியில வச்சா. பூசாரி பேத்தி ஒண்ணை எடுத்தா. வெள்ளை அரளி. போகலாம்னு உத்தரவு. பூசாரி என் மஞ்சக்கயிறை அவுத்து அம்மா சிலையோட கையில கட்டிட்டார்.

இன்னொரு பொட்டலத்துல சிவப்புதான் இருக்கான்னு பிரிச்சுப் பாக்கப் பூசாரி கைய நீட்டினார். குஞ்சம்மா ஓடி வந்து அதை எடுத்து மடியில முடிஞ்சுக்கிட்டா. அவ மூஞ்சியைப் பாத்தேன். அப்புறம் நான் ஒண்ணும் கேக்கல.

செவ்வாய்க்கிழமை தோட்டத்து லாரியில வரேன். கத்தியோட எவனாவது கிட்ட வந்தா ஒத்தைக் காலாலேயே ஓடி வந்துடுவேன், சொல்லிட்டேன்.

சாமிக்கண்ணு


மலாக்கா
25-5-1952

தம்பிக்கு,

போய்ச் சேந்தியா இல்லையான்னு ஒரு வரி போடக் கூடாதா? உன்னை அந்த மாவுக்கட்டோட லாரியில ஏத்திவிட்டு வந்து இன்னும் எனக்கு இடுப்பு நிமிரல.

ராகி மாவு அனுப்பியிருக்கேன். கேட்ல கேட்டா அவங்களையே ஒரு கரண்டி தின்னு பாக்கச் சொல்லு.

ஆஸ்பத்திரியில என்னை வெளியில உக்கார வச்சுட்டு உள்ளே என்ன பண்ணாங்கன்னு நீ சொல்லவே இல்லை. கேட்டப்பல்லாம் சுவத்தைப் பாத்துக்கிட்டுப் படுத்திருந்தே. உன் மச்சான், விடு, அவனே சொல்லுவான்னார். இன்னும் எத்தனை நாள் விடறது?

இருசம்மாள்


நியாலாஸ்
1-6-1952

அக்காவுக்கு,

வந்து சேந்தேன். கான்ஸ்டேபிள் மாவுக்கட்டைத் தட்டிப் பாத்தான், உள்ளே அரிசி இருக்கான்னு. ராகி மாவு பத்திரமா வந்துச்சு. அதை யாரும் திருட மாட்டாங்க.

நீ கேட்டதைச் சொல்றேன். டாக்டர் முதல்ல என் காலைத் தூக்கித் தலகாணி அடுக்கி மேல வச்சாங்க. கடிகாரத்தைப் பாத்துக்கிட்டு இருந்தாங்க. கொஞ்ச நேரத்துல அந்தச் சிவப்பு மெல்ல மெல்ல இறங்கி, கால் நம்ம தோல் நிறத்துக்கே வந்துடுச்சு. கிருமியால வந்த சிவப்பா இருந்தா இப்படித் தூக்கி வச்சதும் போகாதாம். அப்புறம் மூத்திரத்தை நீல மருந்துல விட்டுக் காய்ச்சினாங்க. செங்கல் நிறமாச்சு. எக்ஸ்ரே படம் பிடிச்சுப் பாத்தா உள்ளே எலும்பு பொரிகடலை மாதிரி கிடக்கு. அழுகலை, உடைஞ்சிருக்கு. வெட்ட வேண்டாம், அசையாமக் கட்டி வச்சா சேந்துக்கும்னாங்க.

இதுவரைக்கும் சந்தோஷம்தான். சுவத்தைப் பாத்துப் படுத்தது இதுக்காக இல்லை. என்னை ஜன்னல் பக்கம் பாக்கச் சொல்லிட்டு, பாதத்துல ஊசி முனையால தொடறேன், தெரிஞ்சா சொல்லுங்கன்னாங்க. நான் காத்துக்கிட்டே இருந்தேன். இன்னும் தொடலையான்னு கேட்டேன். திரும்பிப் பாத்தா பாதம் பூரா சின்னச் சின்னப் புள்ளியா இருக்கு.

அப்பத்தான்கா எனக்கு உறைச்சுது. தீயில நின்னு சிரிச்சேனே, அது வீரம் இல்லை. மத்தவங்களுக்கெல்லாம் சுட்டுது. சுட்டும் அவ பேரைச் சொல்லி நடந்தாங்க. பக்தி அவங்களோடது. நான் சும்மா மரத்துப் போன காலோட உலாத்திட்டு வந்திருக்கேன். அன்னிக்கு நான் அழுதேன். அதான் சுவரு.

இப்பப் பரவாயில்லை. டிரெஸ்ஸர் ஐயா டாக்டர் குடுத்த காகிதத்தை ரெண்டு தடவை படிச்சுட்டு, இப்படி ஒண்ணு நான் பாத்ததே இல்லைப்பான்னு தலையில கைய வச்சுக்கிட்டார். நல்ல மனுசன். பெனிசிலினை நிறுத்திட்டு இனிப்பு நீருக்குத் தினம் இன்சுலின் குத்தறார். ஒரு ஊசி போனா இன்னொரு ஊசி. காட்டுச் சண்டையால நாட்டுக்கு அவசரகாலம், என் பின்பக்கத்துக்கும் அவசரகாலம்தான்.

மாசக்கணக்குல கீழே கால் வைக்கக் கூடாது. குஞ்சம்மா பால் டின்னைக் கண்ணுல காட்டறதில்லை. நான் இல்லாமலே தீமிதி நல்லா நடந்துச்சாம். அதுவும் கொஞ்சம் வலிச்சுது.

சாமிக்கண்ணு


மலாக்கா
4-5-1953

சாமிக்கண்ணுக்கு,

உன் கால் தப்பினா நான் தீயில இறங்கறேன்னு போன வருஷம் வேண்டிக்கிட்டேன். கட்டுப் பிரிச்சாச்சு, நீ எழுந்து நடக்கறே, சப்பட்டைக் காலானாலும் உன் சொந்தக் கால். அதுக்கு நன்றி சொல்லத்தான் விரதம் இருந்து, மஞ்சச் சேலை கட்டிக்கிட்டு அவ்வளவு தூரம் வந்தேன்.

நீ புதுசா ஒரு சட்டம் போட்டு வச்சிருக்கே. தீயில இறங்கறவங்க எல்லாரும் கண்ணைக் கட்டிக்கிட்டு உன் முன்னாடி உக்காரணுமாம். நீ வேப்பங்குச்சியால பாதத்தைத் தொடுவியாம். தொட்டது தெரியாதவங்களுக்குத் தீயில இடம் இல்லையாம். பூசாரியும் தலையாட்டிட்டார். சரி, நல்ல காரியம்தானேன்னு நானும் உக்காந்தேன்.

எல்லாரையும் விட்டே. என்னை மட்டும் எழுப்பி, நேரம் சரியில்லை, நீ ஓரமா நில்லுன்னு சொல்லிட்டே. என்ன நேரம்? எனக்கு மட்டும் என்ன நேரம்? ஊரே பாத்துச்சு. சுத்தம் இல்லாம வந்துட்டான்னு எவளோ முணுமுணுத்தா. கூழ்கூடக் குடிக்காமக் கிளம்பி வந்துட்டேன். உனக்காக ஆஸ்பத்திரி வாசல்ல காத்துக் கிடந்த அக்காவுக்கு நல்ல மரியாதைடா.

காரணத்தைச் சொல்லு. இல்லைன்னா இந்தத் தடவை கடைசிக் கடுதாசி என்னோடது.

இருசம்மாள்


நியாலாஸ்
7-5-1953

அக்கா,

சொல்றேன். உக்காந்துகிட்டுப் படி.

நான் குச்சியை எடுத்து உன் வலது கட்டை விரல்ல தொட்டேன். நீ ஒண்ணும் சொல்லலை. பக்கத்து விரல்ல தொட்டேன். பேசாம இருந்தே. குச்சி வளையற அளவுக்கு அழுத்தினேன். அப்ப நீ, “இன்னும் ஏண்டா ஆரம்பிக்கலே?”ன்னு கேட்டே.

குச்சியைக் கீழே வச்சுட்டேன். அத்தனை பேர் முன்னாடி என்ன சொல்றதுன்னு தெரியாம வாய்க்கு வந்த பொய்யைச் சொன்னேன். உன்னைத் தனியா கூப்பிட்டுச் சொல்லலாம்னு தேடினா நீ பஸ் ஏறிட்டே.

உனக்குச் சுத்தம் இல்லைன்னு சொன்னவ வாயைக் குஞ்சம்மா அன்னிக்கே அடைச்சுட்டா. அதை விடு. நீ எனக்கு எழுதினதை உனக்கே திருப்பி எழுதறேன். வலி இல்லாததுதான் நோய். ஊருக்கெல்லாம் உபதேசம் பண்ணிட்டு அதிரசத்தை மறைச்சு வச்சுத் தின்னுக்கிட்டு இருக்கே. உங்க தெரு மருந்துக்காரர்கிட்டப் போகாதே. அவர் எதையாவது குத்திடுவார். செருப்பு இல்லாம வீட்டுக்குள்ளகூட நடக்காதே.

அடுத்த வாரம் வெள்ளிக்கிழமை காலையில பெரிய ஆஸ்பத்திரிக்கு வா. தொரைகிட்ட லீவு வாங்கிட்டேன். நானும் வரேன்.

பயப்படாதே. உனக்கு வீக்கம் இல்லை, புண்ணு இல்லை. என்னை மாதிரி உடைச்சுக்கிட்டு வந்து நிக்கல. நீ என் காலுக்கு வேண்டிக்கிட்டதுக்கு அம்மா உன் காலைக் காட்டிக் குடுத்துட்டா. அப்படித்தான் நான் நினைக்கறேன்.

சாமிக்கண்ணு


மலாக்கா
10-5-1953

தம்பி,

உன் கடுதாசியைப் படிச்சுட்டு, இவன் உளர்றான்னு சொல்லிக் கண்ணை மூடிக்கிட்டு உன் மச்சானைக் குச்சியால தொடச் சொன்னேன். தொட்டுட்டேன்னார். பொய் சொல்லாதீங்கன்னு சண்டை போட்டேன். கண்ணைத் திறந்தா குச்சி என் விரல் மேலதான் இருக்கு. அந்த மனுசன் கண்ணு கலங்கி உக்காந்திருக்கார்.

உன்னை என்னவோ சொன்னேன், மனசுல வச்சுக்காதே. எனக்குப் பயமாத்தான் இருக்கு. வெள்ளிக்கிழமை வரேன். உள்ளே போறப்ப நீ என் கூட இருக்கணும், வெளியில உக்கார மாட்டேன்னு டாக்டர்கிட்ட சொல்லிடு.

சீக்கிரம் வந்துடுடான்னுதான் எழுத வருது. வேண்டாம். அந்தக் காலை வச்சுக்கிட்டு ஓடி வராதே. மெதுவா நடந்து வா, நான் வாசல்ல நிக்கறேன்.

இருசம்மாள்